ஈயத்தின் மறுபாதி: பேரேரிகளில் நவம்பர்

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுக்கப்பட்ட ஈயம், பினாங்கிலும் சிங்கப்பூரை ஒட்டிய புலாவ் பிரானியிலும் இருந்த உருக்காலைகளில் கட்டிகளாக வார்க்கப்பட்டுக் கப்பலேறியது வரையிலான கதையை இத்தொடரின் முந்தைய பகுதிகள் சொல்லி முடித்தன. பேராக் மக்கள் பேச்சில் ஈயம் என்றே வழங்கும் இந்த உலோகத்திற்கு இலக்கணமான பெயர் வெள்ளீயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் பயன்படுத்திய வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது. அந்தக் கட்டிகளில் பெரும்பங்கை வாங்கிய நாடு அமெரிக்கா. 1890-ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் வேல்ஸ் நாட்டுத் தகடுகளின் மீது கடும் வரி விதித்ததை அடுத்து, பென்சில்வேனியாவிலும் ஒஹாயோவிலும் இந்தியானாவிலும் தகட்டு ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. உருக்கிய வெள்ளீயத்தில் மெல்லிய இரும்புத் தகட்டைத் தோய்த்தெடுத்து, துருப்பிடிக்காத வெண்ணிறத் தகடாக ஆக்குவதே அவற்றின் தொழில்.

தோட்ட லயங்களில் நெடுங்காலம் தண்ணீர் சுமக்கவும், அரிசி கொட்டி வைக்கவும், விரித்து ஆணியடித்துக் கூரை ஓட்டையை அடைக்கவும் பயன்பட்ட மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டால் இந்த வாணிகத்தின் அமைப்பு எளிதில் விளங்கும். அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள் இரண்டிரண்டு டின்களாக மரப்பெட்டியில் அடைத்து ஆசியாவெங்கும் விற்ற அந்தக் கலத்தின் எடையில் வெள்ளீயத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அது தாளைவிட மெல்லிய ஒரு தோல். எஞ்சியதெல்லாம் இரும்பு. தோல் பேராக்கின் மண்ணிலிருந்து போயிற்று என்றால் உடல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மலாயாவின் ஈய வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் விடை அவர்களை வட அமெரிக்காவின் நடுவிலுள்ள, பேரேரிகள் எனப்படும் ஐந்து நன்னீர் ஏரிகளுக்குக் கொண்டு சென்றிருக்கும். மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் வெட்டிய இரும்புத் தாது, சுப்பீரியர் ஏரியின் மேற்குக் கோடியிலுள்ள டுலூத் முதலிய துறைகளில் கப்பலேறி, சூ கால்வாயின் வழியே ஹியூரான் ஏரிக்கு இறங்கி, ஈரி ஏரியின் தென்கரையிலுள்ள கிளீவ்லாந்து, ஆஷ்டபுலா போன்ற துறைகளில் இறக்கப்பட்டு, அங்கிருந்து ரயிலில் பிட்ஸ்பர்க் உலைகளுக்குச் சென்றது. திரும்பும் பயணத்தில் அதே கப்பல்கள் வடக்கின் குளிருக்கு நிலக்கரி ஏற்றிச் சென்றன. கிளீவ்லாந்துக்குத் தெற்கே இருந்த அக்ரான் நகரத்து டயர் ஆலைகள் மலாயாத் தோட்டங்களின் ரப்பரை விழுங்கிக்கொண்டிருந்தன என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். ரப்பரின் கதை இத்தொடரில் பின்னர் தனியே வரும்.

ஏரி என்ற சொல் பேராக்கில் வாழும் தமிழருக்குத் தரும் அளவுகள் வேறு. தைப்பிங் ஏரிப் பூங்கா 1880-களில் கைவிடப்பட்ட ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், உருவானது. கம்பார், பத்து காஜா வட்டாரங்களில் காணும் நீர்நிலைகள் பெரும்பாலும் சுரங்கம் விட்டுச்சென்ற குட்டைகள். மாநிலத்தின் மிகப்பெரிய ஏரியான தெமெங்கோரும் 1970-களில் அணை கட்டித் தேக்கப்பட்டதே, அதன் பரப்பு ஏறத்தாழ 152 சதுர கிலோமீட்டர். சுப்பீரியர் ஏரியின் பரப்போ 82,100 சதுர கிலோமீட்டர். அதாவது 21,000 சதுர கிலோமீட்டர் கொண்ட பேராக் மாநிலம் முழுவதையும் ஏறத்தாழ நான்கு முறை அதற்குள் போட்டு மூழ்கடிக்கலாம். அதன் கிழக்கு மேற்கு நீளம் ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலைவழி செல்லும் தூரத்தைவிடச் சற்று அதிகம். மிகுந்த ஆழம் 406 மீட்டர். கரையில் நிற்பவருக்கு மறுகரை தெரியாத இந்த நீர்ப்பரப்பை ஏரி என்பதா கடல் என்பதா என்று தடுமாறுவது இயல்பே என்றாலும், அதைச் சிறிய கடல் என்று எண்ணியவர்கள் பலமுறை தவறு செய்தார்கள்.

கடலிலிருந்து ஏரி வேறுபடும் முதல் இடம் அலை. தடையின்றிக் காற்று நீரின்மேல் ஓடக்கூடிய தூரத்தைக் காற்றோட்ட நீளம் எனலாம். அந்த நீளம் கூடக்கூட அலை உயரும், அலைக்கும் அலைக்கும் இடைவெளியும் கூடும். பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும் அலை அகன்று சரிவாக இருப்பதால் கப்பல் அதன்மேல் ஏறி இறங்க நேரம் கிடைக்கிறது. ஏரியில் காற்று சில நூறு கிலோமீட்டர் ஓடி அலையை உயர்த்திவிடுகிறது, அகலப்படுத்துவதற்குள் கரை வந்துவிடுகிறது. ஆகவே ஏரி அலை செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வந்து, ஒன்றிலிருந்து கப்பல் தலைநிமிர்வதற்குள் அடுத்தது மேலே விழுகிறது. கரைகள் தரும் இன்னொரு தொல்லை நீரூசல். ஒரே திசையில் நீடித்து வீசும் காற்று ஏரி நீரை ஒரு கோடியில் குவித்து மறுகோடியில் வற்றச் செய்கிறது; காற்று தளர்ந்ததும் குவிந்த நீர் திரும்பிப் பாய்கிறது. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் சுமந்து வரும் பெண் திடீரென்று நின்றால் நீர் முன்னும் பின்னும் மோதித் தோளை நனைக்குமே, அதுவேதான் இது. ஆழம் குறைந்த ஈரி ஏரியில் 1844 அக்டோபர் 18-ஆம் நாள் இவ்வாறு கிழக்குக் கோடியில் குவிந்த நீர், பஃபலோ நகரின் கரைச்சுவரைத் தாண்டி ஊருக்குள் புகுந்து 78 பேரைக் கொன்றது. அவர்களில் பலர் கப்பலுக்குப் போகாமல் கரையில் இருந்தவர்கள்.

புயலின் காலமும் கவனிக்கத்தக்கது. பேராக்கில் தோட்டத்தார் நன்கறிந்த புயல்காற்று சுமாத்திரா எனப்படுவது. மலாக்கா நீரிணையின் மேல் இரவில் திரண்டு விடியுமுன் கரையேறும் இடிமழை வரிசை அது. அதிகாலைப் பெரட்டு நேரத்தில், அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் வேளையில், மேற்கு வானம் கறுத்திருந்தால் அன்று பால்வெட்டு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கடுமையாக வந்தாலும் ஓரிரு மணி நேரத்தில் அது ஓய்ந்துவிடும். பேரேரிகளின் நவம்பர்ப் புயல் வேறு இயல்பினது. கோடை முழுதும் வெயிலை வாங்கிய ஏரி நீர் நவம்பரிலும் வெப்பத்தை முற்றாக இழப்பதில்லை. அதே மாதத்தில் துருவக் காற்று கனடாவின் சமவெளி வழியே இறங்கத் தொடங்குகிறது. குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீரின்மேல் வந்தவுடன் அதன் அடிப்பகுதி சூடேறி மேலெழ, காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெறுகிறது, ஈரம் பனியாகக் கொட்டுகிறது. இரண்டு மூன்று நாள் நீடிக்கும் இப்புயலில் கப்பலோட்டிக்குக் கண்ணும் தெரியாது.

இத்தனையும் தெரிந்திருந்தும் நவம்பரில் கப்பல்கள் ஓடின. டிசம்பரில் கால்வாய்களும் துறைகளும் உறைந்து ஏப்ரல் வரை கிடக்கும். உலைகள் நிற்காமல் எரிய வேண்டுமானால் அதற்குள் தாதுக் குவியல் சேர்ந்தாக வேண்டும். எனவே ஆண்டின் கடைசிச் சுமைகள் ஆண்டின் மிகக் கெட்ட வாரங்களில் சென்றன. கப்பலின் வடிவத்தையும் இந்த அவசரமே தீர்மானித்தது. துறையில் உயரமான மேடையிலிருந்து வரிசையாகத் தொங்கும் சரிகுழாய்கள் ஒரே நேரத்தில் தாதுவைக் கொட்டுவதற்கு ஏற்ப, மேல்தளம் நெடுகிலும் அடுத்தடுத்துச் சுமைவாய்கள் அமைக்கப்பட்டன. சுமைவாய் என்பது சரக்கறையின் திறப்பு, பயணத்தில் அதை மூடி இறுக்க வேண்டும். கப்பலை ஓட்டும் அறை முன்கோடியில், இயந்திரம் பின்கோடியில், இடையில் மூடிகளே வரிசையாக இருந்த ஒரு நீண்ட வெட்டவெளித் தளம். ஏற்றுவதற்கு இதைவிட வசதியான வடிவம் இல்லை. புயலில் இதைவிட ஆபத்தானதும் இல்லை.

1905 நவம்பர் 28-ஆம் நாள் மட்டாஃபா என்ற தாதுக் கப்பல் டுலூத் துறைக்குள் திரும்பி நுழைய முயன்று, நுழைவாயிலின் கற்சுவரில் மோதி, கரைக்கு மிக அருகிலேயே உடைந்து தரைதட்டியது. ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் கரையில் தீமூட்டி இரவெல்லாம் நின்றார்கள். அலையின் கடுமையால் படகு விட இயலவில்லை. முன்பகுதியில் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். அலை வாரிக்கொண்டிருந்த அந்த வெட்டவெளித் தளத்தைக் கடக்க முடியாமல் பின்பகுதியில் சிக்கிய 9 பேர், விடிவதற்குள் குளிரில் விறைத்து இறந்தார்கள்.

ஆனால் ஏரிகளின் வரலாற்றில் புயல் என்று அடைமொழியின்றிச் சொன்னால் அது 1913 நவம்பரையே குறிக்கும். நவம்பர் 7, வெள்ளிக்கிழமை, அமெரிக்க வானிலைத் துறை துறைமுகங்களில் புயல் கொடியை ஏற்றச் சொன்னது. சிவப்புச் சதுரத் துணி, அதன் நடுவே கறுப்புச் சதுரம். எச்சரிக்கை வரவில்லை என்று பின்னாளில் யாரும் சொல்ல இயலாது. கொடி கரையில்தான் பறந்தது. பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி அமைக்கப்படாத அக்காலத்தில், துறையைவிட்டு விலகிய கப்பலுக்கு அடுத்த எச்சரிக்கை சென்றடைய வழியில்லை. முதல் புயல் சுப்பீரியரில் வலுத்துவிட்டு ஹியூரானில் சற்றுத் தணிந்தது போலத் தோன்றியதால், தங்கியிருந்த கப்பல்கள் பலவும் புறப்பட்டன. 9-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை தெற்கிலிருந்து எழுந்து வந்த இரண்டாவது தாழ்வு, வடக்கிலிருந்த முதல் தாழ்வோடு கலந்தது.

அன்றிரவு ஹியூரான் ஏரியில் மட்டும் 8 கப்பல்கள் ஆட்கள் அனைவரோடும் மறைந்தன. ஆர்கஸ், ஹைட்ரஸ், ஐசக் எம். ஸ்காட், ஜான் ஏ. மெக்கீன், வெக்ஸ்ஃபோர்ட், ரெஜினா, சார்லஸ் எஸ். பிரைஸ், அந்த ஆண்டு மே மாதம்தான் நீரில் இறக்கப்பட்ட ஜேம்ஸ் கரூதர்ஸ் என்பன அவை. பழைய ஓட்டைக் கலங்கள்தாம் மூழ்கின என்ற எளிய விளக்கத்தை இக்கடைசிப் பெயரே பொய்யாக்குகிறது. பேரேரிக் கப்பல் உரிமையாளர் சங்கம் பின்னர் பதிவு செய்தபடி, இவ்வளவு விரைவான காற்று வழக்கமாக நான்கைந்து மணி நேரத்திற்குமேல் நீடிப்பதில்லை, இதுவோ மணிக்குச் சராசரி 97 கிலோமீட்டர் வேகத்தில் 16 மணி நேரம் ஓயாமல் வீசியது. அலைகள் பத்து மீட்டருக்குமேல் எழுந்து மும்மூன்றாகத் தொடர்ந்து வந்தன. காற்று ஒரு திசையிலும் அலை வேறு திசையிலும் சென்றதால் கப்பலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுக்கு முகம் கொடுக்க, மற்றது விலாவில் அறைந்தது. ஈரி ஏரியில் பஃபலோ அருகே நங்கூரமிட்டிருந்த கலங்கரைவிளக்குக் கப்பல், தன் 6 ஆட்களோடு நின்ற இடத்திலேயே மூழ்கியது. கிளீவ்லாந்து நகரம் 56 சென்டிமீட்டர் பனியின் கீழ்க் கிடந்தது. எல்லாம் ஓய்ந்தபோது 12 கப்பல்கள் முழுமையாக மறைந்திருந்தன, இன்னும் பல தரைதட்டியிருந்தன, இறந்தோர் 250 பேருக்கு மேல்.

சுப்பீரியர் ஏரியில் மறைந்த இரண்டில் ஒன்று ஹென்றி பி. ஸ்மித். மார்க்கெட் என்ற துறையில் தாது ஏற்றிக்கொண்டு 9-ஆம் நாள் மாலை, புயலில் ஒரு தணிவு தெரிந்தபோது அது கிளம்பியது. 32 சுமைவாய்களைக் கொண்ட அக்கப்பலின் தளத்தில், துறையைத் தாண்டி வெளியேறும் வேளையிலும் ஆட்கள் மூடிகளை இழுத்துப் பொருத்திக்கொண்டிருந்ததைக் கரையிலிருந்தோர் கண்டார்கள். தாமதத்திற்காக உரிமையாளர்கள் தலைமாலுமியை நெருக்கினார்கள் என்று துறைகளில் பேசப்பட்டது. பேச்சு உண்மையோ இல்லையோ, மூடாத வாய்களோடு ஒரு தலைமாலுமி நவம்பரில் புறப்படுவதற்கு வானிலை அறியாமை காரணமாக இருக்க முடியாது. அக்கப்பல் கிடந்த இடம் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 2013-இல் கண்டறியப்பட்டது.

புயலுக்கு மறுநாள், ஹியூரானின் தென்கோடியில், 150 மீட்டருக்கும் நீளமான ஒரு கப்பலின் அடிப்பாகம் மட்டும் நீருக்குமேல் தெரிந்து மிதந்தது. தலைகீழாய்க் கவிழ்ந்திருந்ததால் பெயர் நீருக்கடியில் இருந்தது. அது எந்தக் கப்பல் என்று தெரியாமல், வீடு திரும்பாத ஒவ்வொரு கப்பலின் குடும்பத்தாரும் பல நாட்கள் அந்தக் கறுத்த முதுகின் செய்தியையே பார்த்திருந்தார்கள். 15-ஆம் நாள் முக்குளிப்பவர் ஒருவர் இறங்கி எழுத்துகளைத் தடவிப் படித்து, அது ஆஷ்டபுலாவில் நிலக்கரி ஏற்றிப் போன சார்லஸ் எஸ். பிரைஸ் என்று அறிவித்தார். அதற்குள் கனடாவின் கரையில் உடல்கள் ஒதுங்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பயணத்திற்குச் சற்றுமுன் வேலையைவிட்டு இறங்கிவிட்ட உதவிப் பொறியாளர் மில்டன் ஸ்மித், தன்னோடு பணியாற்றியவர்களை அடையாளம் காட்ட அழைத்துச் செல்லப்பட்டார். அவர் இனங்கண்ட தலைமைப் பொறியாளரின் உடலில் இருந்த மிதவைக் கச்சையில் ரெஜினா என்ற வேறு கப்பலின் பெயர் இருந்தது என்பது அக்காலச் செய்தி. இரண்டும் மோதின என்றும், ஒன்றின் ஆட்களை மற்றது காப்பாற்ற முயன்றது என்றும், கரையில் உடல்களைக் கையாண்டவர்கள் கச்சைகளை மாற்றிப் போட்டிருக்கலாம் என்றும் விளக்கங்கள் எழுந்தன. மோதலின் தடயம் பிரைஸின் உடலில் தென்படவில்லை. 1986-இல் ரெஜினாவின் சிதைவு கிடைத்த பின்னும் இந்தக் கச்சைப் புதிர் அவிழவில்லை.

அதன்பின் வானொலியும் ராடாரும் வந்தன, மரமூடிகளுக்குப் பதில் எஃகு மூடிகள் வந்தன, கப்பல்கள் நீண்டன. 1958-இல் நீரில் இறக்கப்பட்ட எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரல்டு 222 மீட்டர் நீளமானது. பேராக்கின் தஞ்சோங் துவாலாங்கில் இன்று பார்வைக்கு நிற்கும், ஈயம் தோண்டிய மண்வாரிக் கப்பலைப்போல மூன்றை வரிசையாக நிறுத்தினால்தான் ஏறத்தாழ அதன் நீளம் வரும். 1975 நவம்பர் 9-ஆம் நாள், ஏறத்தாழ 26,000 டன் தாது உருண்டைகளோடு, தலைமாலுமி எர்னஸ்ட் மெக்சோர்லியின் கீழ் 29 பேருடன் அது புறப்பட்டது. மறுநாள் பிற்பகலில் வேலிக்கம்பி அறுந்ததையும், காற்றுக்குழாய்கள் இரண்டு சேதமானதையும், கப்பல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதையும் மெக்சோர்லி வானொலியில் தெரிவித்தார். பின்னர் இரு ராடார்களும் செயலிழந்தன. பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பல், தன் ராடாரைக்கொண்டு அதற்கு வழிசொல்லி வந்தது. மாலை 7.10 மணியளவில் நிலைமை எப்படி என்று கேட்கப்பட்டபோது, சமாளித்துக்கொண்டிருப்பதாக விடை வந்தது. சில நிமிடங்களில் ராடார் திரையில் அந்தப் புள்ளி இல்லை. உதவிக்குரல் எதுவும் எழவில்லை. ஓர் உடலும் கிடைக்கவில்லை. ஒதுக்குப்புறமான விரிகுடாவை ஒருவழியாக அடைந்துவிட்ட ஆண்டர்சனை, கடலோரக் காவற்படை திரும்பிப் போய்த் தேடும்படி கேட்டது. அந்த இரவில் அது மீண்டும் வெளியே சென்றது என்பதைத் தனியே எழுதிவைக்கத்தான் வேண்டும்.

இரண்டு துண்டுகளாக 160 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அக்கப்பல் ஏன் மூழ்கியது என்பதில் மூன்று தரப்புகள் உண்டு. காவற்படையின் அறிக்கை சுமைவாய் மூடிகள் சரிவர இறுக்கப்படாததால் நீர் மெல்லப் புகுந்தது என்றது. போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அலையின் கனத்தில் மூடியே உள்ளே நொறுங்கியது என்றது. கப்பல் உரிமையாளர் சங்கம் வழியிலிருந்த ஆழமற்ற பாறைத்திட்டில் அடிப்பாகம் உரசியது என்றது. மூன்றாவது விளக்கம் மூடிகளையும் அவற்றை மூடியோரையும் மட்டுமன்றி உரிமையாளர்களையும் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது என்பதைப் படிப்போர் கவனிக்கலாம். இம்மூன்றைவிட வெளிப்படையான ஒரு செய்தி விதிப்புத்தகத்தில் கிடக்கிறது. சுமையேற்றிய கப்பலின் மேல்தளம் நீர்மட்டத்திலிருந்து குறைந்தது எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. அதை மிதப்புயரம் எனலாம். 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளின் திருத்தங்களால் ஃபிட்ஸ்ஜெரல்டுக்கு அனுமதிக்கப்பட்ட மிதப்புயரம், அது கட்டப்பட்டபோது இருந்ததைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் அந்த ஒரு மீட்டர் அளவுக்குக் கூடுதல் தாது ஏறியது. ஒவ்வொரு அலையும் தளத்தை அடைய அந்த ஒரு மீட்டர் குறைவாக ஏறினால் போதுமாயிற்று.

1995 ஜூலை 4-ஆம் நாள் அக்கப்பலின் மணி மேலே எடுக்கப்பட்டது. 1975-க்குப் பின் அத்தகைய பெருஞ்சரக்குக் கப்பல் எதையும் பேரேரிகளின் புயல் கொண்டுபோகவில்லை. வானிலைக் கணிப்பு தேறியதோடு, நவம்பரில் காற்று வலுத்தால் துறையில் காத்துக்கிடப்பது நட்டமானாலும் அதைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது.

சார்லஸ் எஸ். பிரைஸ் கவிழ்ந்த அதே 1913-ஆம் ஆண்டில்தான் பத்து காஜாவில், மலாயன் டின் டிரெட்ஜிங் நிறுவனம் கிந்தாவின் முதல் மண்வாரிக் கப்பலை இயக்கியது. வாளிச் சங்கிலியால் முன்கரையை வெட்டி விழுங்கி, ஈயத்தைப் பிரித்துக்கொண்டு, எஞ்சிய மண்ணைப் பின்னால் கொட்டியபடி, தான் தோண்டிய குட்டையைத் தன்னோடே இழுத்துக்கொண்டு நகரும் அந்த விசித்திரக் கலத்திற்குக் காற்றோட்ட நீளமும் இல்லை, நவம்பரும் இல்லை. ஆனால் அதற்கும் அடிப்பாகத்தில் நீர் கசியும், அதிலும் ஆட்கள் மூன்று முறை மாறி இரவும் பகலும் நின்றார்கள். அடுத்த பகுதி அந்தக் குட்டைக்குத் திரும்பும்.